செவிட்டு மல்லையன் மகள்

“செவிட்டு மல்லையன்னு ஒரு ஆளுங்க மேடம்” என்று அவர் சொன்னபோது நரசம்மாவின் கையில் இருந்த டீ கிளாஸ் ஆடவில்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை, அதுதான் இப்போது அவளுக்குத் திகைப்பாக இருந்தது. கை அதன் பாட்டுக்குக் கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோனது, வாய் குடித்தது, “அப்படிங்களா” என்றுகூடச் சொன்னது. உள்ளே மட்டும் ஏதோ ஒன்று நின்றுபோயிருந்தது. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்திருக்கிற தேர்வாளர், அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்துகிறவர், முனைவர் பெ. சடையப்பன். காலை ஒன்பதரைக்கு வந்து இறங்கியவரைத் துறைத்தலைவர் என்ற முறையில் உட்காரவைத்து, டீ வரவழைத்து, பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, “நீங்க எப்படிச் சார் ஜியாலஜிக்கு வந்தீங்க?” என்று கேட்டது அவள்தான். யாரும் கேட்கிற கேள்வி. அவர் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “எங்கப்பாவாலங்க மேடம். அவர் கெணறு வெட்டுற ஆளு. எழுபத்தொம்பதுல, எனக்கு நாலு வயசு, கொல்லிமலை அடிவாரத்துல செங்காட்டுத் தோட்டம்னு ஒரு எடத்துல கெணத்துக்குள்ளயே போயிட்டார். மூணு வெடி வெச்சாங்களாம். ரெண்டுதான் வெடிச்சிருக்கு. கூட வேலை பாத்த ஆளு, செவிட்டு மல்லையன்னு ஒரு ஆளுங்க மேடம், அவசரக்காரர், மூணும் வெடிச்சிருச்சுன்னு நெனச்சு இறங்கிட்டார். எங்கப்பா ரெண்டுதான் கேட்டுச்சுன்னு கத்திக்கிட்டே அவரை இழுத்துட்டு வர இறங்கியிருக்கார். ரெண்டு பேரும் வரல. அவர் பேரு பெரியண்ணன். வருஷா வருஷம் முதல் வகுப்புல பசங்ககிட்ட இதைத்தான் மேடம் சொல்லி ஆரம்பிப்பேன். கல்லைப் படிக்க வந்திருக்கீங்க, கல்லு எங்கப்பனை வாங்கிக்கிட்டுதான் எனக்குப் பாடம் சொல்லிச்சுன்னு.” சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். பல தடவை சொல்லிச் சொல்லி மழுங்கிப்போன சிரிப்பு. அவளுக்கு அந்தச் சிரிப்புத் தெரியும். அது அவளுடைய சிரிப்பு. அந்த இடத்தில் அவளும் அப்படித்தான் சிரிப்பாள். அதற்குள் அட்டெண்டர் பச்சமுத்து வந்து, “மேடம், பசங்க வந்துட்டாங்க, கல்லெல்லாம் வெச்சாச்சு” என்றான். அவள் எழுந்தாள். “போலாங்களா சார்?” என்றாள்.

இப்போது மணி பத்து இருபது. பன்னிரண்டு மாணவர்கள், பன்னிரண்டு கற்கள், நீண்ட மேசையில் ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் ஒரு எண். அந்தக் கடைசியில் ஸ்டூலில் சடையப்பன், இந்தக் கடைசியில் நாற்காலியில் அவள். நடுவில் இளம்பிள்ளைகள் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்து நிற்கிறார்கள். அவர் சொன்னது தவறு. முதலில் அப்படித்தான் தோன்றியது, ஒரு விடைத்தாளில் தவறான விடையைப் பார்த்ததும் பேனா தானாகச் சுழிக்கப் போகுமே, அந்த மாதிரி. முதலில் இறங்கியது பெரியண்ணன். அவசரக்காரர் பெரியண்ணன். ரெண்டுதான் கேட்டது என்று கத்திக்கொண்டு பின்னாலேயே இறங்கியது அவளுடைய அப்பா. இதை அவள் இருபத்தாறு வருடமாகச் சொல்லிவருகிறாள். ஜூன் மாதம், முதல் வகுப்பு, வருகைப் பதிவை மூடிவைத்துவிட்டு, ஒரு கருங்கல் துண்டைக் கையில் எடுத்துச் சுத்தியால் ஒரு தட்டு தட்டி, “கேட்டுச்சா?” என்பாள். பிள்ளைகள் விழிப்பார்கள். “எங்கப்பாவுக்குக் கேக்கும். அவர் ஸ்கூலுக்குப் போனதில்லை. கடப்பாரையால ஒரு குத்து, பாறை சொல்ற பதிலை வெச்சே உள்ள தண்ணி எத்தனை அடியில இருக்குன்னு சொல்லிருவார்.” பிறகு கிணறு, மூன்று வெடி, பெரியண்ணன், சாவு. வகுப்பு அப்படியே அடங்கிப்போகும். போன வருடம் ஒரு பையன் அழுதான். மேஸ்திரி வேலைக்குப் போன அப்பா, செங்கல் சூளையில் வேலை பார்க்கிற அம்மா என்று சொல்லிக்கொள்ளக் கூசுகிற பிள்ளைகள் அன்று சாயங்காலமே அவள் அறைக்கு வந்து நிற்பார்கள், ‘எங்க வீட்லயும் இப்படித்தான் மேடம்’ என்று. படிப்பை விட்டுவிடுகிறேன் என்று வந்தவர்களில் எத்தனையோ பேரை அந்தக் கதைதான் திருப்பி உட்காரவைத்திருக்கிறது. வேலைக்கான நேர்முகத் தேர்வில் அதைச் சொன்னாள், எதிரே இருந்த ஐந்து பேரும் குறிப்பெழுதுவதை நிறுத்தினார்கள். ‘கிணறு வெட்டியவரின் மகள் பேராசிரியர்’ என்று பத்திரிகையில் போட்டார்கள், துறையில் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறது, இன்று காலை அவர் அதைப் பார்த்திருக்கக்கூடும், இல்லை, முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். அவளுடைய ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், கல்லின் பேச்சைக் கேட்ட என் தந்தைக்கு. கல்லின் பேச்சை. கேட்ட. செவிட்டு மல்லையனுக்கு.

மணி அடித்தது. பச்சமுத்து அடிக்கிற மணி. பிள்ளைகள் ஒரு கல் நகர்ந்தார்கள். செவிட்டு என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் எங்கும் வைக்க முடியவில்லை. யார் முதலில் இறங்கினார் என்பதைக்கூட விட்டுவிடலாம், அவர் வீட்டில் ஒரு விதமாகச் சொல்லியிருப்பார்கள், அவள் வீட்டில் ஒரு விதமாக. இந்த வார்த்தையை என்ன செய்வது? யாரோ சொல்லி அவளுக்குப் புதிதாகத் தெரியவந்ததாக இருந்தால் மறுக்கலாம். அது அவளுடைய வார்த்தை. ஊர்ப் பிள்ளைகள் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள், செவிட்டு மல்லையன் மகளே, செவிட்டு மல்லையன் மகளே, பள்ளிக்கூடத்து வேலிவரைக்கும் பின்னால் கத்திக்கொண்டே வருவார்கள். எப்படி மறந்தது? மறக்கவில்லை. மறந்தால்தானே அதிர்ச்சி நியாயமாக இருக்கும். அப்பாவுக்குக் காது கேட்காது என்பது வீட்டில் அடுப்பு இருக்கிறது, வாசல் கிழக்கே பார்த்திருக்கிறது என்பது மாதிரி ஒரு சங்கதி. சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் பக்கத்தில் போய்த் தோளைத் தொட வேண்டும். தூரத்தில் இருந்தால் சிறு கல்லாக எடுத்து அவர் காலடியில் எறிய வேண்டும். இருபது வருடம் வெடிக்குப் பக்கத்திலேயே நின்ற காது. இடது பக்கம் சுத்தமாகப் போய்விட்டது, வலது பக்கம் கத்தினால் கொஞ்சம். அவர் கடப்பாரையால் பாறையைக் குத்தினார், உண்மை, குத்தியதும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார், உண்மை, அது காதால் கேட்டது இல்லை, உள்ளங்கையால் கேட்டது. அந்த அதிர்வு கையில் ஏறுகிறதா பார்ப்பார். இதை அவள் பார்த்திருக்கிறாள். இருந்தும் இருபத்தாறு வருடமாக வகுப்பில் கேட்டார், கேட்டார் என்று சொல்லியிருக்கிறாள். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் ஒரு நாள்கூட வந்ததில்லை. விடுதியில் சேர்ந்த ஒன்பதாம் வயதில் வேலிக்கு அப்பால் அந்தப் பட்டப்பெயரை விட்டுவிட்டு வந்தாள், கூடவே அந்தக் காதையும் விட்டுவிட்டு வந்துவிட்டாள் போலிருக்கிறது. சரி, அப்படியானால், காது கேட்காத மனிதர் ரெண்டுதான் கேட்டது என்று எப்படிக் கத்தியிருப்பார்? ரவிக்கை முதுகில் ஒட்டியது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எப்படிக் கத்தியிருப்பார்? ஐம்பத்து நாலு வயதாகிறது, எத்தனை ஆய்வேடுகளைத் திருத்தியிருக்கிறாள், இந்த முடிவுக்கு என்ன ஆதாரம் என்று எத்தனை பேரை வேர்க்கவைத்திருக்கிறாள், இந்தக் கேள்வியை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

“மேடம்” என்று ஒரு பெண் மெதுவாகக் கூப்பிட்டாள். ஏழாவது கல் முன்னால் நின்றவள். காக்காப்பொன் பூத்த கல், அவள் முகத்தில் அதன் மினுமினுப்பு. “ஒரு கல்லுக்கு எத்தனை நிமிஷம் மேடம்?” தாமதமாக வந்தவள், ஆரம்பத்தில் சொன்னதைக் கேட்கவில்லை. தேர்வு அறையில் சத்தம் போட வேண்டாம் என்று நரசம்மா வாய் திறக்காமல் கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினாள். பெண் தலையாட்டிவிட்டுக் குனிந்தாள். நரசம்மாவின் கை கீழே வரவில்லை. அவள் தன் கையையே பார்த்தாள். கட்டைவிரல் சுண்டுவிரலைப் பிடித்திருக்க, நடு மூன்றும் விறைப்பாக, தூரத்தில் இருக்கிறவருக்குக் காட்டுகிற மாதிரி. இந்தக் கையை யார் இப்படித் தூக்கப் பழக்கினார்கள். வெயில். கிணற்று மேட்டில் குவித்த கல்லின் சூடு பாவாடைக்குக் கீழே தொடையில். பள்ளிக்கூடம் இல்லாத நாள், சோற்றுத்தூக்கு கொண்டுவந்தவள் அங்கேயே இருந்துவிட்டாள், ஏனென்றால் அவளுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. திரியைப் பற்றவைத்துவிட்டு அப்பாவும் பெரியண்ணனும் கயிற்றைப் பிடித்து மேலே வருவார்கள், “வேட்டு! வேட்டு!” என்று நாலு திசைக்கும் கத்துவார்கள், புளியமரத்துக்குப் பின்னால் ஓடிப் படுப்பார்கள். வெடிக்கும். கல் பறக்கும். அப்புறம் அப்பா தலையைத் தூக்கி அவளைப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, “எத்தினி?” என்பார். அவள் விரலைக் காட்டுவாள். ஆமாம். அதுதான் வேலை. வெடியை எண்ணிச் சொல்வது. எத்தனை வைத்தார்களோ அத்தனை விரல் காட்டினால் இறங்குவார்கள். குறைந்தால் இறங்கமாட்டார்கள், மறுநாள் வரைக்கும் கிணற்றுப் பக்கம் போகமாட்டார்கள். அன்றும் அப்பா பார்த்தார். புகை கிணற்றுக்குள்ளிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. “எத்தினி?” என்றார்.

மூன்று.

மணி அடித்ததா, இரண்டு முறை அடித்ததா, பிள்ளைகள் நகர்ந்து நகர்ந்து வேறு இடத்தில் நிற்கிறார்கள், ஏழாம் கல் முன்னால் இப்போது ஒரு பையன். மேசைக்கு அடியில் அவள் தன் வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏன் மூன்று? கொல்லிமலை. ஆமாம், மலை. அடிவாரத்தில் வெடி வைத்தால் மலைச்சுவரில் மோதித் திரும்பி வரும், அரைக் கிலோமீட்டர் என்றால் மூன்று விநாடி, ஒரு வெடி, இன்னொரு வெடி, அதன் எதிரொலி, எட்டு வயதுப் பிள்ளைக்கு எது வெடி எது எதிரொலி என்று பிரிக்கத் தெரியுமா, பெரியவர்களுக்கே தெரியாது, அலை வேகம், தூரம், கரும்பலகையில் போட்டுக்காட்டலாம். அவள் மனம் அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியது. பிறகு மெல்ல, யாரோ பின்னால் நின்று தோளைத் தொட்ட மாதிரி, தெரிந்தது. இதைச் சொல்வது பேராசிரியர். இது இன்னொரு ஜூன் மாதத்துக் கதை. அப்படியானால் முதல் வெடிக்கும் எதிரொலி வந்திருக்குமே, நாலு விரல் அல்லவா காட்டியிருக்க வேண்டும். தினமும் அதே மலை, தினமும் சரியாக எண்ணினாளே. அந்த எட்டு வயதுக்காரி வேறு ஏதோ செய்துகொண்டிருந்தாள். கல் குவியலில் வெங்கச்சங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், வெள்ளையாக, உரசினால் நெருப்பு வருகிற கல், மடியில் ஏழெட்டு சேர்ந்துவிட்டது, இன்னும் ஒன்று நல்லதாகக் கிடைக்குமா என்று குனிந்திருந்தாள். வெடித்தது. எத்தனை என்று அவள் எண்ணவில்லை. அப்பா பார்த்தார். எண்ணவில்லை என்று சொன்னால் திட்டுவார். மூன்று வைத்தார்கள், எப்போதும் மூன்றுதான் வைப்பார்கள், எப்போதும் மூன்றும்தான் வெடிக்கும். கையைத் தூக்கினாள். அப்பா பெரியண்ணனைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டு பேரும் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். யார் முதலில் இறங்கியது என்றால், ஒன்றாகத்தான் இறங்கினார்கள். ஆளுக்கொரு கயிறு. யாரும் யாரையும் காப்பாற்றப் போகவில்லை. வேலைக்குப் போனார்கள்.

எழுந்து வெளியே போகலாம், தேர்வாளர் அறையைவிட்டுப் போகக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, ஆனால் அவள் எழவில்லை. அப்புறம் நடந்ததெல்லாம் துண்டு துண்டாக வந்தது, யாரோ ஓடி வந்தது, அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றது, காக்கிச்சட்டை போட்ட ஒருவர் குத்தவைத்து அவள் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்தது. பக்கத்தில் தோட்டக்காரர், செங்காட்டுக் கவுண்டர், அவள் தலையில் கையை வைத்து, “கண்ணு, பெரியண்ணன் அவசரப்பட்டு இறங்கிட்டான், உங்கப்பன் அவனைக் காப்பாத்தத்தானே இறங்கினான்? அப்படித்தானே சாமி?” என்றார். அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான். ஒரு தலையாட்டு. அது எழுதப்பட்டது, அதிலிருந்து விடுதி வந்தது, கவுண்டர்தான் சேர்த்துவிட்டார், ஐந்து வருடம் தீபாவளிக்குத் துணி எடுத்து அனுப்பினார், அதிலிருந்து பள்ளி, கல்லூரி, சுத்தி, லென்ஸ், இந்த நாற்காலி. இன்று காலை வரைக்கும் அவள் நினைத்திருந்தது, அந்தக் கதை அவள் வீட்டுக்கு மட்டும் உரியது என்று. இப்போது தெரிகிறது, கவுண்டர் பெரியண்ணன் பெண்டாட்டியிடமும் போய் அவள் தலையில் கையை வைத்து, உன் புருஷன் மல்லையனைக் காப்பாத்தத்தான் இறங்கினான் தாயி என்று சொல்லியிருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் ஒரே துணியில் இரண்டு பங்கு கிழித்துக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாள் இடுப்பில் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினாள், அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் வெட்டுகிற இடம். அந்தப் பையன் அதோ, மேசையின் அந்தக் கடைசியில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு மாணவனின் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். கவுண்டர் செய்தது இரக்கமா, வழக்கு வேண்டாம் என்ற கணக்கா, இரண்டுமா. கேட்பதற்கு அவரும் இல்லை. அம்மாவும் இல்லை, போய் ஆறு வருடமாகிறது. அம்மா ஒரு நாளும் அந்தக் கதையைச் சொன்னதில்லை. யாராவது வந்து நரசம்மாவின் கதையைப் புகழ்ந்தால், “அடுப்புல பால் வெச்சிருக்கேன்” என்று எழுந்துபோய்விடுவாள். பால் இருக்காது. சில சமயம், சம்பந்தமே இல்லாமல், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, வீட்டுத் தெலுங்கில், “நீ அப்ப சின்னப்புள்ள” என்பாள். “எப்பம்மா?” என்று கேட்டால் பதில் வராது. நீ அப்ப சின்னப்புள்ள. வயதானதில் உளறுகிறாள் என்று நினைத்தாளே. நாற்பது வருடம் அந்தப் பெண்பிள்ளை தனக்குத் தெரிந்ததை வாயில் அடைத்துக்கொண்டு, அவ்வப்போது இந்த ஒரு வரியை மட்டும் வெளியே விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

சொல்லக்கூடாது. சொல்லி என்ன ஆகப்போகிறது. சடையப்பன் இன்று ஒன்றரை மணி ரயிலுக்குப் போகிறவர் இல்லை, மத்தியானம் இன்னொரு குழு இருக்கிறது, நாளையும் வருவார், நாளை மறுநாள் போய்விடுவார், அதற்குப் பிறகு அவர் அவருடைய ஊரில் அவருடைய அப்பாவைச் சொல்வார், இவள் இவளுடைய ஊரில் இவளுடைய அப்பாவை, இரண்டு ஊருக்கும் நடுவில் இருநூறு கிலோமீட்டர், இரண்டு கதையும் ஒன்றையொன்று இடிக்காமல் ஓய்வுபெறும் வரைக்கும் ஓடும். அவருடைய மாணவர்களில் எத்தனை பேர் அந்தக் கதையால் மிஞ்சியிருப்பார்களோ. அவர் இப்போது ஒரு கல்லை எடுத்தார், மாணவன் ஒருவன் தடுமாறிக்கொண்டிருந்தான், அவனுக்கு உதவுகிறாற்போல் சுத்தியால் ஒரு தட்டு தட்டி, கல்லைக் காதருகில் கொண்டுபோனார். நரசம்மா செய்கிற அதே வித்தை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. செத்த இரண்டு பேரை வைத்து இரண்டு பிள்ளைகள் தனித்தனியாக ஒரே காதைச் செய்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஜூன் மாதத்தை நினைத்தாள். வருகைப் பதிவை மூடிவைத்த பிறகு அங்கே என்ன இருக்கும்? அறுபது முகங்கள், வெறும் மேசை, அவள் கை. அந்தக் கை என்ன செய்யும்?

கற்களுக்குப் பிறகு வரைபடமும் வாய்மொழியும் முடிந்து, ஒரு மணிக்கு விடைத்தாள்களைக் கட்டினார்கள். பிள்ளைகள் போனார்கள். பச்சமுத்து சாப்பாட்டுப் பொட்டலம் இரண்டை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றான். சடையப்பன் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். “நல்லா எழுதியிருக்காங்க மேடம் உங்க பசங்க. அந்த ஏழாம் கல்லுதான் பாதிப் பேரு விட்டுட்டாங்க.” அவள் பேனாவைத் திறந்தாள், மூடினாள். “சார், செங்காட்டுத் தோட்டம்னு சொன்னீங்கல்ல?” “ஆமாங்க மேடம்.” “செவிட்டு மல்லையன்னு சொன்னீங்க.” அவர் நிமிர்ந்தார். “நான் அவர் மக” என்றாள்.

அவர் முகத்தில் முதலில் வந்தது வெட்கம். காலையில் அவசரக்காரர் என்று சொல்லிவிட்டோமே என்கிற வெட்கம். பாதி எழுந்து, “ஐயோ மேடம், நான் எதுவும் தப்பா... எங்க வீட்ல சொன்னதுதாங்க...” என்றார். “உக்காருங்க சார். எங்க வீட்ல உங்கப்பாவைத்தான் அவசரக்காரர்னு சொல்லியிருக்கோம். அது தப்பு. ரெண்டும் தப்பு. நான் அன்னிக்கு அங்க இருந்தேன்.” இப்படி ஆரம்பித்தது, நின்றால் மறுபடி வராது என்று பயந்து நிறுத்தாமல் சொன்னாள், புளியமரம், எத்தினி, வெங்கச்சங்கல், எண்ணாதது, மூன்று விரல், ஒன்றாக எழுந்தது, ஒன்றாக இறங்கியது, தோட்டக்காரர், தலையாட்டியது. வகுப்பில் சொல்கிற குரல் வரவில்லை, குரல் சின்னதாக, தட்டையாக, யாரோ ஒரு மாணவி வாய்மொழித் தேர்வில் திணறுகிற மாதிரி இருந்தது. எதிரொலியைச் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எழுந்து ஜன்னல் பக்கம் போனார், அங்கே பார்க்க எதுவும் இல்லை, சைக்கிள் ஸ்டாண்டின் தகரக்கூரை, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “இதை எதுக்கு மேடம் எங்கிட்டச் சொன்னீங்க?” என்றார். கோபமில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். “எனக்கு அம்பது வயசாகுது. அவரைப் பத்தி என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. போட்டோ கிடையாது.” மன்னித்துவிடுங்கள் என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்து, அது எவ்வளவு சின்னது என்று கூசித் திரும்பிப்போனது.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பொட்டலத்தின் நூலை விரலில் சுற்றினார், பிரித்தார். “எட்டு வயசுப் பிள்ளைகிட்டயா எண்ணச் சொன்னாங்க?” என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. “பக்கத்துலயே எங்கப்பா இருந்தாரே. அவர் எண்ணியிருக்கலாமே.” பிறகு அவர் விரல் நின்றது. நரசம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். காலை பத்தரை மணிக்குத் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. “எங்கம்மா...” என்றார். “எங்கம்மா கடைசி வரைக்கும் கத்தித்தான் பேசும். வீட்ல நானும் அதுவும் ரெண்டே பேருதான். எதுக்கும்மா ஊருக்கே கேக்குற மாதிரி பேசறேன்னு நான் எரிஞ்சு விழுவேன். உங்கப்பனோட பேசிப் பேசிப் பழகிப்போச்சுடான்னு சொல்லும்.” அவர் வாய் திறந்தபடி இருந்தது. “கெணறு வெட்டுறவங்களுக்கெல்லாம் அப்படித்தானே ஆயிருக்கும். அவருக்கும் கேக்காது. அவரு எப்படி ரெண்டுன்னு... நான் பட்டம் வாங்கினவன் மேடம். முப்பது வருஷமா நான் இதை யோசிக்கவே இல்ல.” பொட்டலத்திலிருந்து சாம்பார் கசிந்து மதிப்பெண் பட்டியலின் ஓரத்தைத் தொடப்போனது. அவள் பட்டியலை நகர்த்தினாள்.

“அன்னிக்கு எப்படி இருந்தாரு?” என்றார் அவர். “யாரு?” “எங்கப்பா. நீங்க பாத்தீங்கல்ல.” இதற்கு அவள் தயாராக இல்லை. மூன்று மணி நேரமாக அந்த மேட்டிலேயே கிடந்தாள், பெரியண்ணனின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடினாள். நெட்டையான ஆள். கழுத்தில் கறுப்புக் கயிறு. சிரித்தால் மேல் வரிசையில் ஒரு பல் மற்றதன்மேல் ஏறியிருக்கும். “உங்களுக்கும் அப்படி இருக்கு சார்” என்றாள், அவர் கை வாயைத் தொட்டது. இறங்குவதற்கு முன்னால், காலையில், அவர் துண்டு முனையை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்தார், உள்ளே போனால் நசுங்கிவிடும், வைத்துக்கொள் என்று. பொரி உருண்டை. சந்தையில் வாங்கியது. “அது உங்களுக்கு வாங்கினது. உங்க பேரைச் சொல்லித்தான் குடுத்தாரு.” அடுத்ததைச் சொல்வது மூன்று விரலைச் சொன்னதைவிடக் கடினமாக இருந்தது. “எல்லாரும் ஓடினாங்க. அழுதாங்க. யாரும் என்னைப் பாக்கல. பசிச்சுது. புளியமரத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து நான் அதைத் தின்னுட்டேன் சார். முழுசும் தின்னுட்டேன்.” அப்போதுதான் அழுகை வந்தது, முந்தானையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை, ஐம்பத்து நாலு வயதுத் துறைத்தலைவர் மேசைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே அழுதாள்.

சடையப்பன் அதைப் பார்க்காதவர் போலிருந்தார். அவருக்கு வேறு ஒன்று அகப்பட்டிருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்தார். “என் பேரைச் சொன்னாரா?”

“சொன்னாரு.”

“என்னன்னு?”

“சடையனுக்குன்னு.”

“எப்படிச் சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

கதவுக்கு வெளியே மத்தியானக் குழுப் பிள்ளைகள் வந்து நிற்கிற செருப்புச் சத்தம் கேட்டது. நரசம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நினைவில் அந்த மனிதர் குனிந்து அவள் கையில் பொட்டலத்தை வைத்தார். காது கேட்காதவர்கள் பேசுகிற குரல், தன் சத்தம் தனக்கே தெரியாத குரல், ஒரு பிள்ளையிடம் சொல்கிற சாதாரண வார்த்தையைத் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சொல்கிற குரல். அவள் மூச்சை இழுத்தாள்.

“சடையனுக்கு!” என்று கத்தினாள்.

அறை அதிர்ந்தது. வெளியே செருப்புச் சத்தம் நின்றுபோனது. பச்சமுத்து பதறிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். மேசைக்கு இந்தப் பக்கம் மேடம் வாய் திறந்தபடி இருந்தாள். அந்தப் பக்கம் வெளியூர்த் தேர்வாளர், கூப்பிட்ட குரலுக்கு எழுந்து நிற்கிற நாலு வயதுப் பையன் மாதிரி, நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.